கையைப் பின்னால் கட்டிக்கொண்டு காகிதம் மடிக்கச் சொல்லிக்கொடுப்பது

செங்கோட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் எட்டுப் பத்துப் பிள்ளைகள் உட்கார்ந்து காகிதம் மடிக்கிறார்கள். தெருப் பிள்ளைகள்தான் அதிகம். புளியரையிலிருந்து அண்ணன் தங்கை இரண்டு பேர், அப்புறம் மலைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவிலிருந்து பாட்டி வீட்டுக்கு வரும்போது மட்டும் சேர்ந்துகொள்கிற, மலையாளம் பேசும் பிள்ளைகள் இரண்டு பேர். கொண்டு வந்து விடுகிற அம்மாக்கள் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: வீட்டில் ஐந்து நிமிஷம் ஓர் இடத்தில் இருக்காதவன் இங்கே மட்டும் எப்படி முக்கால் மணி நேரம் உட்காருகிறான்? அவர்களுக்காகவும், வீட்டிலேயே பிள்ளையோடு உட்கார்ந்து ஒரிகாமி என்கிற இந்த ஜப்பானியக் காகித மடிப்பைத் தொடங்க நினைக்கிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி. பிள்ளை கையில் இருக்கிற தாளை நீங்கள் தொடக்கூடாது. என்ன ஆனாலும் தொடக்கூடாது.

இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்லிவிடுகிறேன். தொடங்கிய புதிதில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி கொக்கு மடித்துக்கொண்டிருந்தாள், பாதியில் மாட்டிக்கொண்டு, "அத்த, எனக்கு வரமாட்டேங்கு" என்று தாளை நீட்டினாள். நான் வாங்கி, சரசரவென்று நாலு மடிப்பு மடித்து, இறக்கையை விரித்துக் கையில் கொடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது அத்த செஞ்சது" என்று சொல்லித் திண்ணையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு ராத்திரி முழுக்க எனக்கு அதே நினைப்புதான். அவள் பொறுமையாக இருபது நிமிஷம் செய்ததை நான் ஒரே நிமிஷத்தில் பறித்துக்கொண்டேன், அதுவும் உதவி என்ற பெயரில். அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகள் மடிக்கும்போது இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்கிறேன். பிள்ளைக்குப் பொறுமை சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று நினைக்கிறோமே, அதில் பெரிய பங்கு நாம் பொறுத்துக்கொள்வதுதான். கோணலான மடிப்பைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. கை அரிக்கும். கட்டிக்கொள்ளுங்கள்.

தொடாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது? உங்களிடம் ஒரு தாள் தனியாக இருக்க வேண்டும், பிள்ளைகளுடையதைவிடப் பெரியதாக. பிள்ளை மாட்டிக்கொண்டால் உங்கள் தாளை ஒரு படி பின்னால் பிரித்து, அவள் கண் முன்னால் மெதுவாகத் திரும்ப மடியுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் இன்னும் ஒரு படி பின்னால் போங்கள். பெரும்பாலும் சிக்கல் அந்த மடிப்பில் இருக்காது, அதற்கு முந்தினதில் இருக்கும். உங்கள் தாளை அவள் எவ்வளவு வேண்டுமானாலும் தொடலாம், பிரிக்கலாம், உள்ளே எட்டிப் பார்க்கலாம். எதிரே உட்கார்ந்து காட்டினால் இடம் வலம் மாறிப்போய்க் குழம்பும், அதனால் பக்கத்தில், அவள் பார்க்கிற திசையையே பார்த்து உட்காருங்கள். ஒரு உருவத்தைச் சொல்லிக்கொடுக்கும் முன் நீங்கள் தனியாக ஐந்து தடவையாவது மடித்துப் பார்த்திருக்க வேண்டும். போனில் வீடியோவை ஓடவிட்டுப் பிள்ளையையும் பார்க்கச் சொல்வது வேலைக்கு ஆகாது. வீடியோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை, பிள்ளைக்குத் தான் பின்தங்கிவிட்டோம் என்கிற பதற்றம்தான் மிஞ்சும்.

காகிதத்துக்குக் காசு செலவழிக்க வேண்டாம். ஜப்பானில் விற்கிற ஒரிகாமித் தாள் பெரும்பாலும் 15 சென்டிமீட்டர் சதுரம், ஒரு பக்கம் வண்ணம், மறுபக்கம் வெள்ளை. நமக்கு ஏ4 தாள் போதும். சார்ட் பேப்பர் வாங்காதீர்கள், தடிமன் அதிகம், நாலாவது மடிப்பிலேயே முரண்டு பிடிக்கும். பளபளப்பான கலர் பேப்பர் பார்க்க அழகு, ஆனால் மடித்த இடத்தில் வண்ணம் உரிந்து வெள்ளைக் கோடு தெரியும். எனக்கு மிகவும் பிடித்தது தினசரிக் காலண்டரில் கிழிக்கிற தாள்தான். மெல்லிசு, மொடமொடப்பு, தினமும் ஒன்று இலவசம். நல்ல நேரம், ராகுகாலம் எல்லாம் கொக்கின் இறக்கையில் வந்து நிற்பதைப் பார்த்துப் பிள்ளைகளுக்குத் தனிச் சந்தோஷம்.

எங்கள் ஊரில் இன்னொரு சங்கடம் உண்டு. ஜூன் பிறந்து சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் ஆகஸ்ட் வரைக்கும் வீட்டில் இருக்கிற எல்லாக் காகிதமும் நமத்த அப்பளம் மாதிரி ஆகிவிடும், மடித்தால் கோடு விழாது. மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் தாளைப் போட்டு வைத்து, வேண்டியதை மட்டும் அப்போதைக்கு எடுங்கள். இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போது அகிரா யோஷிசாவாவைப் பற்றியும் சொல்வேன். 1911-ல் பிறந்து 2005-ல் இறந்த ஜப்பானிய மேதை அவர். நாம் ஈரத்துக்குப் பயப்படுகிறோம், அவர் கெட்டித் தாளை வேண்டுமென்றே லேசாக நனைத்து மடித்தார். காய்ந்ததும் மிருகங்களின் உடம்பு வளைவு அப்படியே நிற்கும். இளம் வயதில் ஆலையில் வேலை பார்த்தபோது, புதிதாக வந்த தொழிலாளர்களுக்கு வடிவியல் புரியவைக்கக் காகிதத்தை மடித்துக் காட்டியவர். இன்றைக்கு உலகம் முழுக்க ஒரிகாமிப் படங்களில் புள்ளிக் கோடும் அம்புக்குறியும் போடுகிறார்களே, அந்த முறைக்கு வித்திட்டவரும் அவர்தான். இந்த மாதிரிச் சேதியைப் பாடம் போல உட்கார வைத்துச் சொன்னால் யாரும் கேட்பதில்லை. சாரலில் நமத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னால் மறக்கவே மாட்டார்கள்.

சரி, மடிப்புக்கு வருவோம். முதல் பாடம் உருவம் எதுவும் இல்லை, சதுரம். ஏ4 தாளின் ஒரு மூலையைப் பிடித்து, குட்டைப் பக்கம் நெட்டைப் பக்கத்தோடு ஒட்டிப் படுக்கிற மாதிரி மடித்தால் முக்கோணம் வரும், மிச்சம் ஒரு பட்டை நிற்கும். அந்தப் பட்டையைக் கத்தரி இல்லாமல் எடுக்கச் சொல்லுங்கள்: முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை மடித்து நகத்தால் நீவி, நாலைந்து முறை இப்படிச் செய்தபின் மெல்ல இழுத்தால் கோட்டோடு கிழிந்து வரும். அவசரப்பட்டால் கோணிக்கொண்டு கிழியும். வேறு யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை, காகிதமே சொல்லிவிடுகிறது. கோபக்காரப் பையன் ஒருவன் எங்கள் திண்ணையில் இருந்தான், ஒரே காலையில் மூன்று தாளைக் கசக்கி எறிந்தவன். அவனைத் திட்டவில்லை, நாலாவது தாளும் உடனே கொடுக்கவில்லை. "எல்லாருக்கும் சதுரம் வேணும், நீ எடுத்துத் தாறியா?" என்று கேட்டேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் ஆரம்பித்தான். பன்னிரண்டு சதுரம் எடுத்தான். கடைசி நாலும் ஓரம் பிசிறாமல் வந்திருந்தன. பதின்மூன்றாவதை அவனே தனக்கு எடுத்துக்கொண்டு மடிக்க உட்கார்ந்தான்.

இரண்டே இரண்டு சொல் முதலில் தெரிந்தால் போதும். மடிப்பு நம்மை நோக்கிக் குழிந்தால் பள்ளம், முதுகு தூக்கினால் மலை. ஜப்பானியர்களும் அதே சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள்: தானி என்றால் பள்ளத்தாக்கு, யாமா என்றால் மலை, ஒரி என்றால் மடிப்பு, தானி ஒரி, யாமா ஒரி. காகிதத்துக்கு அவர்கள் சொல் காமி, இரண்டும் சேர்ந்து ஒரிகாமி. இதை நான் சொல்லும்போது பிள்ளைகளை மொட்டைமாடிக்குக் கூட்டிக்கொண்டு போவேன். மேற்கே பார்த்தால் மலை மேல் மலையாக நிற்கிறது, நடுவில் கணவாய், அதற்குள் புகுந்துதான் புனலூர் ரயில் போகிறது. "யாமா எங்கே, தானி எங்கே?" என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டுவார்கள். ஒரு தடவை ஆரியங்காவுப் பையன் தாளை உயர்த்திப் பிடித்து, "இது யாமா, சரியாணோ?" என்று கேட்டான். மூன்று மொழி ஒரே வாயில். 1956 நவம்பர் வரைக்கும் இந்த ஊரே திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததுதானே, இரண்டு பக்கத்துப் பேச்சையும் கேட்டு வளர்கிற எல்லைப்புறத்துப் பிள்ளைகளுக்கு இன்னொரு ஊர்ச் சொல்லை வாயில் போட்டுக்கொள்ளக் கூச்சமே கிடையாது. அது பெரிய வரம், வீணாக்காதீர்கள், ஒவ்வொரு உருவத்துக்கும் ஜப்பானியப் பெயரையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள்.

எந்த வயசுக்கு எது என்பது என் அனுபவத்தில் இப்படி. நாலைந்து வயதுக்கு மூன்று மடிப்பு, பத்து நிமிஷம், அதற்கு மேல் இழுக்காதீர்கள். நாய் முகம் அதற்குச் சரி. சதுரத்தைக் குறுக்காக மடித்து முக்கோணம், நீளமான பக்கம் மேலே, முனை கீழே. மேல் மூலை இரண்டையும் சரிவாகக் கீழே இறக்கினால் காது. கீழ் முனையைக் கொஞ்சம் மேலே மடித்தால் வாய். கண்ணும் மூக்கும் அவர்களே வரைந்துகொள்வார்கள். பெயர் இனு.

ஆறு ஏழு வயதுக்குக் குவளை. இதில் எனக்குத் தனிப் பிரியம், ஏனென்றால் இது பொம்மை இல்லை, உண்மையாகவே தண்ணீர் குடிக்கலாம். குறுக்காக மடித்த முக்கோணம், இந்தத் தடவை நீளமான பக்கம் கீழே. வலது மூலையைத் தூக்கி எதிர்ப்பக்கச் சரிவின் நடுப்பகுதிக்குக் கொண்டுபோங்கள். மடித்து வைத்த துண்டின் மேல் ஓரம் அடிப்பக்கத்துக்கு இணையாகப் படுத்திருக்க வேண்டும், கவனிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். இடது மூலையையும் அதே மாதிரி அந்தப் பக்கம் கொண்டுபோங்கள். உச்சியில் இரண்டு முனை இருக்கும், முன்னால் இருப்பதை முன்பக்கப் பைக்குள் செருகி, பின்னால் இருப்பதைப் பின்பக்கமாக மடித்து இறக்கிவிட்டு, இரண்டு ஓரத்தையும் விரலால் லேசாக அமுக்கினால் வாய் திறக்கும். எழுத்து அச்சடிக்காத வெள்ளைத் தாளில் மட்டும் செய்யுங்கள். மடிப்பு அழுத்தமாக இருந்தால் ஒரு வாய்த் தண்ணீர் ஒழுகாமல் நிற்கும், ஏனோதானோ என்று மடித்திருந்தால் சட்டை நனையும். நனைந்தவர்கள் ஒரு வார்த்தை பேசாமல் இன்னொரு சதுரம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடுத்து கபுதோ, சாமுராய்த் தலைக்கவசம். மே 5 ஜப்பானில் குழந்தைகள் நாள், அன்றைக்கு அங்கே பிள்ளைகள் செய்தித்தாளில் இதை மடித்துத் தலையில் போட்டுக்கொள்வார்கள். நமக்கு அது கோடை லீவு, நல்ல சந்தர்ப்பம். நாளிதழை விரித்து அதில் கிடைக்கிற மிகப் பெரிய சதுரத்தை எடுங்கள். குறுக்காக மடித்து முக்கோணம், நீளமான பக்கம் மேலே. இரண்டு மேல் மூலைகளையும் கீழ் முனையோடு சேர்த்தால் சாய்ந்த சதுரம் கிடைக்கும். இப்போது இறக்கிய அந்த இரண்டு துண்டுகளின் நுனியை மட்டும் மறுபடி மேல் உச்சிக்கு ஏற்றுங்கள், ஏற்றியவற்றின் நுனியை வெளிப்பக்கமாகச் சரித்தால் கொம்பு. கீழே மிஞ்சியிருக்கிற இரண்டு தாளில் மேல் தாளை முக்கால் அளவுக்கு மேலே மடித்து, மறுபடி ஒரு பட்டை மடித்து ஏற்றினால் நெற்றிப் பட்டை. பின்னால் இருக்கிற தாளை உள்ளே செருகிவிடுங்கள். வாய் கீழ்ப்பக்கம் திறக்கும், தலையில் வைத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து மடிக்கும்போது நான் கண்டிப்பாக வைத்திருக்கிற வழக்கம் ஒன்று உண்டு. எல்லாரும் ஒரு மடிப்பை முடிக்கிறவரை யாரும் அடுத்ததற்குப் போகக்கூடாது. பொறுமை வராதது மெதுவாகச் செய்கிற பிள்ளைக்குத்தான் என்று எண்ணிக்கொள்கிறோம், உண்மையில் வேகமானவனுக்குத்தான் அது கஷ்டம். கையில் பாதி உருவம், அடுத்தது என்ன என்று அவனுக்குத் தெரியும், ஆனாலும் பக்கத்திலிருக்கிற சின்னப் பெண்ணுக்காகக் காத்திருக்க வேண்டும். சும்மா காத்திருக்கச் சொன்னால் அவன் வாலைப் பிடிக்க முடியாது, அதனால் வேலை கொடுங்கள்: விழுந்த கோடுகளை நகத்தால் இன்னொரு தரம் நீவட்டும், தாளைப் பிரித்து எத்தனை முக்கோணம் இருக்கிறது என்று எண்ணட்டும், இந்த நிமிஷத்தில் இது எதைப் போல இருக்கிறது என்று சொல்லட்டும். பக்கத்துப் பிள்ளைக்கு வாயால் உதவலாம், கையால் கூடாது. எனக்குள்ள விதிதான் அவனுக்கும்.

மடிப்பு கோணினால் "தப்பு" என்ற சொல்லை நான் எடுப்பதில்லை. "பிரித்துப் பார்" என்பேன். தாளுக்கு ஞாபகசக்தி உண்டு, பழைய கோடு போகாது, ஆனால் அதன் பக்கத்திலேயே சரியான கோட்டை நன்றாக அழுத்திவிட்டால் அடுத்த தடவை தாள் தானாகப் புதுக் கோட்டில்தான் மடங்கும். ஓரத்தோடு ஓரம் சேர்த்துப் பிடித்து, பார்த்து, அப்புறம்தான் அழுத்த வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குப் பாட்டு மாதிரி ஆக்கிவிட்டேன்: சேர், பார், நீவு. இதில் நடுவில் இருக்கிற 'பார்' மட்டும் கைவசப்பட்டால் போதும், மற்றது தானாக வரும். கிழிந்துபோனால் அழட்டும், அழுது முடிக்கிறவரை பக்கத்தில் இருங்கள். கிழிந்த தாளில் நல்ல பாகத்தைச் சின்னச் சதுரமாக எடுத்து வைக்கச் சொல்லுங்கள், நாய் முகத்துக்கு ஆகும்.

எட்டு வயதுக்கு மேல் கொக்கு. மேலே சொன்னதெல்லாம் கைவந்த பிறகுதான், அவசரம் வேண்டாம். ஒரே நாளில் முடிக்கவும் வேண்டாம், நான் மூன்று வாரமாகப் பிரித்துக்கொள்கிறேன்.

முதல் வாரம்: வண்ணப் பக்கம் மேலே இருக்கட்டும், குறுக்காக இரண்டு தடவை மடித்துப் பிரியுங்கள், பெருக்கல் குறி மாதிரிக் கோடு விழும். திருப்பிப் போட்டு, இப்போது பாதிப் பாதியாக இரண்டு தடவை மடித்துப் பிரியுங்கள், கூட்டல் குறி. இனி நாலு மூலையையும் ஒன்றாகக் கீழே கொண்டுவந்தால் தாள் தானாகவே ஒரு சின்னச் சதுரமாகச் சுருங்கும். தாள் தானாக மடங்குகிற அந்த நொடியில் பிள்ளை முகத்தைப் பாருங்கள். அன்றைக்கு அது போதும். பிரித்து, சுருக்கி, பிரித்து, சுருக்கி விளையாடிவிட்டு வீட்டுக்குப் போகட்டும்.

இரண்டாவது வாரம்தான் கஷ்டமான இடம். சதுரத்தின் திறந்த முனை உங்களைப் பார்த்து இருக்கட்டும். மேல் தாளின் இரண்டு கீழ் ஓரங்களையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவாருங்கள், பட்டம் மாதிரி ஆகும். மேலே நிற்கிற முக்கோணத்தை அதன் மேல் மடித்து நன்றாக நீவுங்கள். இப்போது மூன்றையும் பிரித்துவிடுங்கள். கீழ் முனையில் மேல் தாளை மட்டும் பிடித்து மெல்ல மேலே தூக்கிக்கொண்டே போனால், இரண்டு பக்கமும் உள்ளே ஒதுங்கி, நீளமான வாழையிலை நுனி மாதிரி வந்து படுக்கும். மலை மடிப்பாக இருந்த கோடு இங்கே பள்ளமாக மாற வேண்டியிருக்கும், அது முரண்டும், விரலால் கோட்டை ஒட்டி மெதுவாகப் பேசி வழிக்குக் கொண்டுவர வேண்டும். திருப்பிப் பின்பக்கமும் அதே மாதிரி. என்னிடம் அந்தப் பெண் தாளை நீட்டியது சரியாக இந்த இடத்தில்தான். உங்கள் பிள்ளையும் இங்கேதான் நீட்டுவாள்.

மூன்றாவது வாரம் மிச்சம். கீழே இரண்டு கால் மாதிரிப் பிரிந்து நிற்கும். முன்னும் பின்னும் ஓரங்களை நடுக்கோட்டுக்கு மடித்து அந்தக் கால்களை ஒல்லியாக்குங்கள். ஒவ்வொரு காலையும் உள்பக்கமாகத் திருப்பி மேலே ஏற்றினால் ஒன்று கழுத்து, ஒன்று வால். கழுத்தின் நுனியைக் கீழே வளைத்தால் தலை. இரண்டு இறக்கையையும் இறக்கி, பக்கவாட்டில் மெல்ல இழுத்து, அடியில் இருக்கிற துளையில் ஊதினால் உடம்பு உப்பும்.

கொக்கு வந்த அன்றைக்கு நான் சொல்கிற கதைகள் இரண்டு, இரண்டும் உண்மையானவை என்பதால்தான் சொல்கிறேன். முதலாவது அந்தப் பறவையைப் பற்றி. நம் வயலில் ஒற்றைக் காலில் உறுமீனுக்குக் காத்து நிற்கிற கொக்கைத்தான் பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள், பொறுமைக்கு நம்மூரில் அதைவிட நல்ல உவமை இல்லை, மலையாளத்திலும் அதற்குக் கொக்கு என்றே பேர். ஆனால் ஜப்பானியர் ட்சுரு என்று கொண்டாடுவது வேறு பறவை. கிட்டத்தட்ட ஒன்றரை மீட்டர் உயரம், வெள்ளை உடம்பு, கறுப்புக் கழுத்து, உச்சந்தலையில் சிவப்பு. அது ஆயிரம் வருஷம் வாழும் என்று அங்கே ஒரு நம்பிக்கை, அதனால்தான் ஆயிரம் கொக்கு மடித்து நூலில் கோத்து நோயாளிக்கும் கோயிலுக்கும் கொடுக்கிற வழக்கம் வந்தது. வழக்கமாக நாற்பது நாற்பதாக இருபத்தைந்து சரம். அவர்கள் ஊர்ப் பொருளை நம் ஊர்ப் பொருளாக மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். எது ஒன்று போல இருக்கிறது, எது வேறு என்று இரண்டையும் காட்டினால்தான் பிள்ளைக்கு அந்த ஊர் மேல் மரியாதை பிறக்கும்.

இரண்டாவது கதை சதாகோ சசாகி. பத்து வயதுக்குக் கீழே இருந்தால் தள்ளிப்போடுங்கள். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது அவளுக்கு இரண்டு வயது. பத்து வருஷம் கழித்து ரத்தப் புற்றுநோய் வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, மருந்து சுற்றி வருகிற தாளில் எல்லாம் கொக்கு மடித்தாள். 1955 அக்டோபர் 25 அன்று, பன்னிரண்டு வயதில் போய்விட்டாள். ஆயிரத்தை முடிக்கவில்லை என்று பரவலாகச் சொல்கிறார்கள், ஆனால் அவள் ஆயிரத்தையும் தாண்டி மடித்ததாக அவளுடைய அண்ணன் சொல்லியிருக்கிறார். அவளோடு படித்த பிள்ளைகள் முன்னின்று பணம் சேர்த்து எழுப்பிய நினைவுச் சின்னம் 1958 மே 5 அன்று ஹிரோஷிமா அமைதிப் பூங்காவில் திறக்கப்பட்டது, அதே குழந்தைகள் நாளில். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு உடனே கேள்வி கேட்காதீர்கள். எங்கள் திண்ணையில் அன்றைக்குக் கொஞ்ச நேரம் தாள் நீவுகிற சத்தம் மட்டும்தான் இருந்தது.

கணக்கில் ஆர்வமுள்ள பெரிய பிள்ளைகள் இருந்தால் ஒன்று கொடுத்துப் பாருங்கள். சதுரத்தை நடுவில் நீளவாக்கில் மடித்துப் பிரித்து, நடுக்கோடு செங்குத்தாக நிற்கிற மாதிரி வையுங்கள். இடது கீழ் மூலையை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கீழ் மூலையை அந்த நடுக்கோட்டில் தொட வையுங்கள். தொட்ட புள்ளியையும் இரண்டு கீழ் மூலைகளையும் சேர்த்தால் மூன்று பக்கமும் சமமான முக்கோணம். அளவுகோல் இல்லை, காம்பஸ் இல்லை. ஏன் சமமாக வருகிறது என்று ஒரு வாரம் யோசிக்க விடுங்கள். இப்படிக் காகித மடிப்பிலேயே வடிவியலைச் சொல்லிக்கொடுக்கிற ஒரு புத்தகத்தை 1893-ல் டி. சுந்தர ராவ் என்பவர் நம் மதராஸில் வெளியிட்டார், ஜெர்மனியில் பெரிய கணித மேதையான ஃபெலிக்ஸ் க்ளைன் அதை எடுத்துச் சொல்லி அது உலகம் சுற்றியது. ஜெர்மனியில் ஃப்ரோபெல் தொடங்கிய குழந்தைப் பள்ளிகளில் காகிதம் மடிப்பது ஒரு பாடம், சுந்தர ராவுக்கு யோசனை வந்ததும் அங்கிருந்துதான். அதே பாடம் ஜப்பானியக் குழந்தைப் பள்ளிகளுக்கும் போய் அவர்களுடைய பழைய மடிப்புகளோடு கலந்தது. அந்த ஜப்பானுக்குக் காகிதம் செய்கிற வித்தையே 610-ல் கொரியாவிலிருந்து வந்த ஒரு பௌத்தத் துறவி மூலமாகத்தான் போனது என்று அவர்களுடைய பழைய வரலாறு சொல்கிறது. பிள்ளைகள் வரைபடத்தில் விரல் வைத்து இந்த வழியைத் தொட்டுக்கொண்டே வருவது பார்க்க நன்றாக இருக்கும்.

மடித்துக் கற்ற பிள்ளையை வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அப்போதுதான் அதன் கஷ்டம் அவர்களுக்குத் தெரியும். அன்றைக்குக் கொக்கை வைத்துவிட்டுப் போனாளே, அந்தப் பெண் இப்போது ஒன்பது வயதில் அவள் ஆச்சிக்குச் சொல்லிக்கொடுத்தாள். ஆச்சிக்குக் கண் சரியில்லை, விரலால் தடவித் தடவியே ஓரத்தைச் சேர்த்தாராம், இரண்டு நாள் ஆகியிருக்கிறது. மூன்றாம் நாள் ஆச்சி தென்னை ஓலையை உருவி, அதே மாதிரி மாற்றி மாற்றி மடித்து, ஒரு பந்தும் ஒரு பாம்பும் செய்து பேத்தி கையில் கொடுத்திருக்கிறார். அவள் அதைக் கொண்டுவந்து திண்ணையில் வைத்து, "இதுல மல எது, பள்ளம் எது சொல்லுங்க அத்த" என்றாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆரியங்காவுப் பையன் பார்த்துவிட்டு, ஓலப்பந்து, எங்கள் அம்மூம்மாவுக்கும் தெரியும் என்றான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆச்சி வருகிறார். குருத்தோலையாகப் பார்த்து வெட்டி, ஈரத்துணியில் சுற்றி வைக்கச் சொல்லியிருக்கிறார், முற்றின ஓலை மடித்த இடத்தில் வெடித்துவிடுமாம்.